செல்லைப் பிடுங்கு, சாதியை விட்டுவிடு

கொஞ்ச காலமாகவே ஒரு கூப்பாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். இன்டர்நெட் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டு, படிப்பு கெட்டு, கடைசியில் மனசும் கெட்டு நிற்கிறார்கள். டி.வி. பட்டிமன்றத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இணைப்பு மலர்வரை, பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்து கோயில் பிரசங்கம், சர்ச் பிரசங்கம்வரை இதே பாட்டுதான். நம்முடைய மேடைகளிலும் இதைப் பாடக் கிளம்பிவிட்டார்கள். 'நம்ம பசங்க செல்லுல முழுகிட்டானுங்க தோழர், கூட்டத்துக்கே வர்றதில்ல' என்று அலுத்துக்கொள்கிறவர் யாரென்று பார்த்தால், மேடையில் உட்கார்ந்து வாட்ஸப் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுப்பாளர்.

நல்லது. 'பிள்ளைகள்' என்கிறார்களே, அது யாருடைய பிள்ளைகள்? இவர்கள் படம் போட்டுக் காட்டுகிற பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் அம்மா கூப்பிடுவது காதில் விழாது. மேசைமேல் லேப்டாப், கையில் ஐபோன், சுவரில் ஏ.சி. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் கட்டுரை எழுதுகிறார்கள், கவுன்சிலிங் கொடுக்கிறார்கள், சட்டம் போடச் சொல்கிறார்கள். எங்க காலனியில தனி ரூம் எங்கே இருக்குது? தொகுப்பு வீடு, ஒரே அறை, அஞ்சு பேர், ஒரு செல். அதுவும் கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்டு போட்டு நிற்கிற செல். காலையில் அப்பன் சென்ட்ரிங் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். 28 நாள் ரீசார்ஜ் முடிந்துபோனால் அடுத்த கூலி வருகிறவரைக்கும் அது வெறும் டார்ச் லைட்டு. பத்தாவது பரீட்சை லீவில் கேட்டரிங் வேலைக்கும் பந்தல் வேலைக்கும் போய்ச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் செல் வாங்குகிறான் பாருங்கள், அவன்தான் எங்கள் பையன். அவனுடைய மனசைப் பற்றி இந்தக் கூப்பாட்டில் ஒரு வார்த்தை உண்டா?

விஞ்ஞானம் பேசுகிறார்கள். பேசட்டும். அமெரிக்காவில் ஜோனதன் ஹைட் என்கிற சமூக உளவியல்காரர் 2024-இல் ஒரு புத்தகம் போட்டார். 2010-க்கும் 2015-க்கும் இடையில் ஸ்மார்ட்போன் பிள்ளைகள் கைக்கு வந்தது, அதோடுதான் மனச்சோர்வும் பதற்றமும் ஏறியது என்பது அவர் வாதம். அதற்கு முன்பே 2019-இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு பேர் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் இளம்பருவத்தினர் பற்றிய கணக்குகளை அலசிப் பார்த்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் இருக்கிற ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொரு பக்கம், உடம்பைப் பற்றிய மனக்குறை மூன்றில் ஒரு இளம்பெண்ணுக்கு இன்ஸ்டாகிராமால் மோசமாகிறது என்று ஃபேஸ்புக் கம்பெனியே 2019-இல் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. 2021-இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற பெண் அந்தக் காகிதங்களை வெளியே கொண்டு வந்தார். கம்பெனிக்காரன் யோக்கியன் என்று நான் வாதாட வரவில்லை. விடிய விடிய ரீல்ஸ் தள்ளித் தள்ளிக் கண் சிவந்து வருகிற பையன்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். ஆன்லைன் ரம்மியில் அண்ணன் சம்பளத்தைத் தொலைத்தவனும் இருக்கிறான்.

ஆனால் இந்த ஆராய்ச்சிகளை இங்கே இறக்குமதி செய்கிற நம் பண்டிதர்கள் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை மணி நேரம்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான்? இரண்டு மணியா, ஐந்து மணியா? சாராயத்தை அளக்கிற மாதிரி அளக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அவனிடம் பேசியது யார், என்ன பேசினார்கள், அதைக் கேட்டதும் அவன் வயிறு எப்படிப் பிசைந்தது என்று கேட்பதற்கு இவர்களிடம் அளவுகோல் இல்லை. மணிக்கணக்கு சாதி பார்க்காது. அதனாலேயே அது இவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

நான் சாயங்காலத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற காலனியில் நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பையன். வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. கொரோனா காலத்தில் வாத்தியார்கள் வைத்துக் கொடுத்து, பிறகு பிள்ளைகளே நடத்திக்கொண்டிருந்தது. ஏப்ரல் 14 அன்றைக்கு இவன் அம்பேத்கர் படத்தை டி.பி.யாக வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்த காரியம். ராத்திரிக்குள் சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழ ஆரம்பித்தன. மறுநாள் அவன் போட்டோவையே எடுத்துப் பன்றிக் காது ஒட்டி அனுப்பினார்கள். அவன் நம்பரைச் சாதிப் பேர் போட்டு சேவ் பண்ணி, அதையும் படம் பிடித்துக் குரூப்பில் போட்டார்கள். ஒருத்தனும் 'ஏண்டா இப்படிப் பண்றீங்க' என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் பையனுக்கு வயித்து வலி. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் அம்மா. டாக்டர் பையனைப் பார்த்தார், அவன் கையில் இருந்த செல்லைப் பார்த்தார். 'ரொம்ப செல் பாக்கறான், அதான். புடுங்கி வையும்மா' என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

என்னிடம் அவன் வாயைத் திறப்பதற்கு ஒரு மாதம் ஆனது. 'இஸ்கூல்ல திட்னா வூட்டுக்கு வந்தா மறந்துடும்ணா. இது கூடவே வந்து படுத்துக்குது. ராத்திரி பதினோரு மணிக்கும் வருது.' சரி, பார்க்காமல் இருந்தால் என்ன, அந்தக் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதானே என்றேன். என்னை ஏதோ புத்தி கெட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். 'எப்பிடிண்ணா? என்னா போட்டிருக்கானுங்கன்னு தெரிய வேணாமா? நாளைக்கி பஸ் ஸ்டாண்டுல எவன் நிப்பான்னு தெரிய வேணாமா?'

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் 'செல் பைத்தியம்' என்று சொன்னாரே, அது என்ன? ஊரில் தகராறு என்று சேதி வந்தால் நம் தெருவில் என்ன செய்வார்கள்? பெரியவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தெரு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது, எந்தப் பக்கம் வண்டிச் சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காவல் இருப்பார்கள். பதினாறு வயதுப் பையன் பாயில் படுத்தபடி, போர்வைக்குள் செல்லை வைத்துக்கொண்டு அந்தக் காவலைத்தான் இருந்துகொண்டிருந்தான். தனியாக. அப்பனுக்குத் தெரியாமல். காவல் இருக்கிறவனைப் பிடித்து 'உனக்குத் தூக்கம் வராத வியாதி' என்றால் என்ன அர்த்தம்? வியாதி எந்தப் பக்கம் இருக்கிறது?

ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிறது என்று நாம் காலங்காலமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தனிமையில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது என்பதை நாம் எழுதியதில்லை. எழுத வெட்கமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடாமல் சாதி சொல்லிக் கூப்பிடுவான். டீக்கடையில் தனி கிளாஸ் கொடுப்பான். ஆனால் வாய்க்காலைத் தாண்டி நம் தெருவுக்குள் வந்துவிட்டால் நம் மனிதர்கள், நம் சிரிப்பு, நம் மேளம். அந்த வாய்க்காலை இன்டர்நெட் தூர்த்துவிட்டது. ஊர் இப்போது ராத்திரியில் பையனின் தலைமாட்டுக்கே வருகிறது. சிங்கம் கர்ஜிக்கிற வீடியோ, அரிவாள் பளபளக்கிற வீடியோ, 'ஆண்ட பரம்பரை' என்று பின்னணியில் பாட்டு. அந்த வீடியோவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவன் சினிமாக்காரன் இல்லை, வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவன். ஒன்றைப் பார்த்தால் போதும், 'உனக்குப் பிடித்திருக்கிறது போலிருக்கிறதே' என்று கம்பெனிக்காரனின் மெஷின் அதே மாதிரி பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பயந்து பார்ப்பதும் ஆசைப்பட்டுப் பார்ப்பதும் மெஷினுக்கு ஒன்றுதான். இரண்டிலும் காசு.

பெண் பிள்ளைகள் சங்கதி வேறு. போட்டோ எடுத்ததும் ஃபில்டர் போடாமல் எந்தப் பெண்ணும் வெளியே காட்டுவதில்லை. அந்த ஃபில்டர் என்ன செய்கிறது? மூக்கைச் சன்னமாக்கி, தோலை வெளுக்கிறது. யாருடைய முகத்தை வைத்து அதைச் செய்தார்களோ, நம் ஆயாக்களின் முகத்தை வைத்துச் செய்யவில்லை என்பது நிச்சயம். அமெரிக்கப் பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம் 'நீ குண்டு' என்று சொல்கிறதென்றால், எங்கள் பெண்ணுக்கு 'நீ கறுப்பு' என்கிறது. 'கறுப்பு' என்றால் இந்த ஊரில் வெறும் நிறமா?

சரி, செல்தான் சாதியை வளர்க்கிறது, பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ராத்திரி நாங்குநேரியில் வீடு புகுந்து, பிளஸ் டூ படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுமைப்படுத்தினார்கள், அதை வாத்தியார்களிடம் சொன்னதற்காக வெட்டினார்கள். நாடே பார்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18-இல் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதிப் பெயரை எடு, கையில் கலர் கயிறு கட்டாதே, சாதி காட்டும் அடையாளம் எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார். கூடவே பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்பதும் இருந்தது. இதில் எது எல்லாருக்கும் இனித்தது? செல்போன் தடைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. கயிற்றையும் திலகத்தையும் தொட்டதும்தான் 'மதத்தில் தலையிடாதே' என்று கத்தினார்கள். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை கலர் கயிறு பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியபோதும் இதுதான் நடந்தது. எதிர்ப்பு வந்ததும், தனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள் என்றார் அன்றைய அமைச்சர். கயிறு கையிலேயே இருக்கலாமாம், செல் மட்டும் பையில் இருக்கக் கூடாதாம்.

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, எந்த ரீல்ஸைப் பார்த்துக் கொளுத்தினார்கள்? 1997-இல் மேலவளவில் பஸ்ஸை மறித்து வெட்டியவர்களுக்கு எந்த இன்டர்நெட் புத்தி சொல்லிக் கொடுத்தது? சாதி வெறிக்கு கரண்டு தேவையில்லை, டவர் தேவையில்லை. பந்தியிலும் திருவிழாவிலும் தாய்மாமன் மடியிலும் அது போதுமான அளவுக்குக் கிடைக்கிறது. செல் அதற்கு வேகம் கொடுத்தது, ஒலிபெருக்கி கொடுத்தது, மாலையிலும் ராத்திரியிலும் வேலை பார்க்கிற வசதி கொடுத்தது. அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கியை உடைத்துவிட்டுப் பேசுகிறவனைக் கட்டிப்பிடித்து அனுப்புவது என்ன நியாயம்?

செல்லைக் காட்டி நம்மை அடிப்பது புதுசும் இல்லை. 2012-இல் தருமபுரியில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினார்கள்? ஜீன்ஸ் பேண்ட் போடுகிறான், கூலிங் கிளாஸ் போடுகிறான், எங்கள் பெண்களை மயக்குகிறான். ஒரு கட்சித் தலைவர் மேடை மேடையாகப் பேசினார். நம் பையன் கையில் இருக்கிற எந்தப் பொருளும் அவர்கள் கண்ணுக்கு ஆயுதமாகத்தான் தெரியும். மகாராஷ்டிரத்தில் ஷிர்டியில் 2015 மே மாதம் ஒரு தலித் மாணவனை அடித்துக் கொன்றார்கள். அவன் செல் மணி அடித்தது, அம்பேத்கர் பாட்டு ரிங்டோன். அதுதான் அவன் செய்த குற்றம்.

அதே வருஷம் ஜூன் 23, திருச்செங்கோடு. கோகுல்ராஜைக் கோயிலிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். கொல்லும் முன் அவரையே பேச வைத்து, தற்கொலை செய்துகொள்வதாகச் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். முக்கியக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸப்பில் ஆடியோ ஆடியோவாக அனுப்பினார். எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்லில் அது ஓடியது! வீரப் பிரதாபம் மாதிரிக் கேட்டார்கள். 2022 மார்ச்சில் தண்டனை வந்தது, 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆடியோவைக் கேட்டு வளர்ந்த பையன்களின் மனநலத்தைப் பற்றி எந்த மருத்துவர் கவலைப்பட்டுக் கட்டுரை எழுதினார்?

இதைத்தான் நான் அழுத்திக் கேட்கிறேன். அரிவாளோடு ரீல்ஸ் போடுகிற பதினைந்து வயதுப் பையனை யாராவது மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்களா? அவனுக்குப் பேர் 'விளையாட்டுப் பையன்'. 'சின்னப் பசங்க, ஏதோ தெரியாம பண்ணிட்டானுவ.' அவனுக்கு பைக் வாங்கிக் கொடுத்து, பெட்ரோல் போட்டு, குருபூஜைக்குப் பனியன் அடித்துக் கொடுக்கிற பெரிய மனுசன் ஒருத்தன் பின்னாலே நிற்கிறான். அவன் கௌரவமாக நிற்கிறான். இந்தப் பக்கம், படம் பார்த்துப் பயந்து பள்ளிக்கூடம் வராத பையனை உட்கார வைத்து, ஃபைலில் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதுகிறார்கள். தாழ்ந்தவனிடம் இருப்பது தாழ்வு மனப்பான்மை என்றால் தாழ்த்துகிறவனிடம் இருப்பதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பேர்? பேரே வைக்கவில்லை. பேர் வைக்காத நோய்க்கு மருந்தும் கிடையாது. அந்தப் பையனும் வீணாகத்தான் போகிறான். பதினேழு வயதில் கொலை வழக்கில் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறவன் வாழ்க்கை என்ன வாழ்க்கை? பனியன் அடித்துக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறது.

செல் இல்லாமல் போனால் மனசு குளிர்ந்துவிடும் என்கிறவர்களுக்கு இன்னொன்று ஞாபகப்படுத்த வேண்டும். 2020 ஜூன் 1, கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரிப் பக்கம் 14 வயதுத் தலித் மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டில் டி.வி. ரிப்பேர், ஸ்மார்ட்போன் கிடையாது, அப்பா கூலி வேலைக்காரர். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவளுடைய 'திரை நேரம்' பூஜ்யம் மணி, பூஜ்யம் நிமிஷம். உங்கள் அட்டவணைப்படி அவள்தான் ரொம்ப ஆரோக்கியமான பிள்ளை! தமிழ்நாட்டிலும் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் ஒன்பதாவதுக்கு மேல் இருக்கிறவர்களுக்கு ஓரளவு ஒழுங்காகத் திறந்தது 2021 செப்டம்பரில். ஒன்றாவது முதல் எட்டாவதுவரை நவம்பரில். அதற்குள் எங்கள் பக்கத்தில் எத்தனை பையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான், எத்தனை பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டார்கள் என்று ஒவ்வொரு தெருவுக்கும் கணக்கு இருக்கிறது. அரசாங்கம் கேட்டால் சொல்லலாம்.

அதே ஆன்லைன் வகுப்பு இன்னொரு வேலையும் செய்தது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் சேருகிற ஆயத்த வகுப்பில், ஒரு பேராசிரியை மாணவர்களைக் கண்டபடி திட்டினார். அத்தனையும் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகள். நேர் வகுப்பாக இருந்திருந்தால் நான்கு சுவருக்குள் அமுங்கிப் போயிருக்கும். அம்பேத்கரைச் சாக்கில் உட்கார வைத்த பள்ளிக்கூடத்தை எவன் படம் பிடித்தான்? அவர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரியும். கரக்பூர் பிள்ளைகள் பதிவு செய்து வெளியே விட்டார்கள். நாடு முழுக்கப் பார்த்தது. செல் இல்லாத காலத்தில் நமக்கு நடந்தது எதற்கும் சாட்சி கிடையாது. சாட்சி சொல்ல எவனும் வரமாட்டான். இதை எப்படி மறப்பது?

1893-இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். மற்றவன் பத்திரிகையில் நமக்கு இடம் இல்லாததால் நாமே அச்சுக்கூடத்துக்குப் போனோம். இன்றைக்கு 'தலித் கேமரா'வும் 'நீலம்' சேனலும் செல்லுக்குள் இருக்கின்றன. அம்பேத்கர் எழுத்து முழுசும் இலவசமாக இறங்குகிறது. எங்கள் பாட வகுப்பில் ஒரு பெண், நூலகம் ஊர்த் தெருவுக்குள் இருப்பதால் போகமாட்டாள், அம்பேத்கரைச் செல்லில்தான் படித்தாள். ஊர்த் தெருவைத் தாண்டாமல் உலகத்துக்குப் போகிற வழி நமக்கு இதற்கு முன்னால் ஒன்று இருந்ததா?

பெண் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் குஜராத்தில் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சாதிக் கூட்டம் கல்யாணமாகாத பெண்கள் செல் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் பொள்ளாச்சி விவகாரம் வெடித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் பையன்களின் செல்லைப் பிடுங்கினார்கள்? பெண்களின் செல்லைத்தான் பிடுங்கினார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான். சாதி இந்துவைக் குறை சொல்லிக்கொண்டே தங்கச்சி செல்லைத் திறந்து யாரிடம் பேசினாள் என்று நோண்டுகிற புரட்சிக்காரர்கள் நம்மிடம் நிறையப் பேர். 'குடும்ப மானம்' என்று அவர்களும் சொல்கிறார்கள். யாரிடமிருந்து கற்றுக்கொண்ட வார்த்தை அது?

இப்போது சட்டம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை. இங்கேயும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அது வருவதற்கு முன்பே இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி 18 வயது நிரம்பாதவருடைய தகவலைக் கையாளக் கம்பெனி பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க அனுமதி வாங்க வேண்டும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, முழுசாக நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டு மாத அவகாசம். வெளியே பார்த்தால் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற சட்டம். 'பெற்றோர்' என்றால் இந்த நாட்டில் யார்? சாதியைக் காவல் காக்கிற முதல் அலுவலகம் குடும்பம்தான். பதினேழு வயதுப் பெண்ணின் சாவியைக் கொண்டுபோய் அவள் அப்பன் கையில், மாமன் கையில், அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் 'குழந்தைப் பாதுகாப்பு' என்கிறார்கள். ஆணவக் கொலை செய்த அப்பன்களும் அண்ணன்களும் சரிபார்க்கத்தக்க பெற்றோர்களும் உறவினர்களும்தான்.

கம்பெனிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தக் கூடாது என்று ஃபேஸ்புக், யூடியூப் இரண்டின் விதிகளிலும் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருக்கிறது. 2018 நவம்பரில் ட்விட்டர் முதலாளி ஜாக் டோர்சி இந்தியாவுக்கு வந்தபோது பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்குவோம் என்ற ஒரு தட்டியைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். மேல்சாதி இணையமே கொதித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஒரு தட்டிக்கு அத்தனை வேகமாக மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, பன்றிக் காது ஒட்டிய போட்டோவைப் பற்றிப் புகார் செய்தால் 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் போடத்தான் தெரிகிறது.

அரசாங்கம் தன் பங்குக்கு எண்ணுகிறது. 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காரணங்களுக்குக் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. பரீட்சையில் தோல்வி, குடும்பப் பிரச்சினை, காதல், நோய், 'சமூக மதிப்புக் குறைவு' என்றுகூட ஒரு கட்டம் உண்டு. சாதி இழிவு என்று கட்டம் கிடையாது. நாளைக்கு 'செல்போன்' என்று ஒரு கட்டம் சேர்த்தாலும் சேர்ப்பார்கள், இதைச் சேர்க்கமாட்டார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2023 பிப்ரவரியில் 18 வயதுத் தலித் மாணவர் செத்த பிறகுதான், சக மாணவரிடம் நுழைவுத் தேர்வு ரேங்க் என்ன என்று கேட்காதீர்கள் என்று ஜூலையில் அறிவிப்புப் போட்டார்கள். ரேங்க் கேட்பது என்பது சாதி கேட்பது என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும். நம்முடைய அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல பேர். அந்தப் பெட்டியைத் திறந்து படிக்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

சட்டம் நம் கையிலும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(r), 3(1)(s), 3(1)(u) பிரிவுகள். சாதியைச் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவது, எழுத்தாலோ படத்தாலோ எஸ்.சி., எஸ்.டி. மக்கள்மேல் பகை வளர்ப்பது எல்லாம் குற்றம். செல்லில் போட்டது பொதுப் பார்வை ஆகுமா என்று ஸ்டேஷனில் இழுப்பார்கள். ஃபேஸ்புக்கில் போட்டதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2017-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இணையத்தில் இழிவுபடுத்தும்போது பாதிக்கப்பட்டவர் நேரில் நிற்க வேண்டியதில்லை என்று 2022-இல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதற்கட்ட விசாரணை முடியட்டும், பிறகு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பார்கள். அது தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது.

அதனால், பிள்ளை ராத்திரி தூங்காமல் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'யார்டா அனுப்புறான், என்னா அனுப்புறான், காட்டு' என்று கேளுங்கள். அசிங்கமாக இருக்கிறதென்று அவன் அழித்துவிடப் பார்ப்பான். அழிக்க விடாதீர்கள். தேதி, நேரம், நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காவலை அவன் தனியாக இருக்க வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து இருக்கலாம். அனுப்புகிறவன் பதினைந்து வயதுப் பையனாக இருந்தால், அந்தச் சாதிப் பாட்டுப் பக்கத்தை நடத்துகிற பெரியவன் யார் என்பதைச் சேர்த்துப் புகாரில் எழுதுங்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆவது விதி. நம் ஆட்கள் அதில் உறுப்பினராக இருக்கிறார்கள், டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்க வேண்டியது: இந்த மாவட்டத்தில் போன மூன்று மாதத்தில் இன்டர்நெட்டில் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக எத்தனை புகார் வந்தது, எத்தனைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டீர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை அதில் எத்தனை?